ஆங்கிலத்தில் காணாமல் போகும் ‘உம்’

திருத்துறைப்பூண்டி பக்கத்திலிருந்து 29 வயது வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் இரண்டையும் விட்டுவிட்டேன். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழி, பிறகு பி.காம். ஓர் உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தில் நான்கு வருடமாகக் கணக்கு எழுதுகிறார். மாப்பிள்ளைச் சம்பா, கருப்புக் கவுனி மாதிரியான பழைய ரக நெல்லை உறுப்பினர்களிடம் வாங்கி, அரைத்து, சென்னைக்கும் பெங்களூருக்கும் அனுப்புகிற நிறுவனம். ஆங்கிலக் கடிதம் எழுதிக்கொண்டிருந்த அலுவலர் வேலையை விட்டுப் போனதும் அந்தப் பொறுப்பு இவர் தலையில் விழுந்தது. கடன் கேட்டு எழுதிய திட்ட அறிக்கை இரண்டு முறை திரும்பி வந்துவிட்டது. இரண்டாவது முறை ஒன்பது இடத்தில் சிவப்பு மையில் வட்டம். ஓரத்தில் ‘நாட் பேரலல்’ என்று இரண்டே சொல். இயக்குநர் ஒருவர் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும், “தமிழ் மீடியத்துல படிச்ச புள்ளகிட்ட இங்கிலீஷக் குடுத்தா இப்டித்தான் ஆவும்” என்றாராம்.

“டென்ஸ் தெரியும், ப்ரிபொசிஷன் தெரியும், ஆர்ட்டிகிள்கூட ஓரளவு தெரியும். இந்த ‘நாட் பேரலல்’ மட்டும் என்னிடம் இருக்கிற இலக்கணப் புத்தகத்தில் எங்கே தேடியும் கிடைக்கவில்லை. கணக்குப் பாடத்தில் படித்த இணைகோடுதான் ஞாபகம் வருகிறது” என்று எழுதுகிறார். அவர் கேட்பது மூன்று. தஞ்சாவூரில் 22,000 ரூபாய் கட்டி ஆறு மாத ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் சேரலாமா? கணவர் சொல்கிறபடி கைப்பேசியில் ஏ.ஐ.யிடம் கொடுத்துத் திருத்திக்கொள்ளலாமா? இல்லை, அவமானப்பட்டுக்கொண்டிருப்பதைவிட வேலையையே எழுதிக் கொடுத்துவிடலாமா? அறிக்கையின் மூன்று பக்கங்களையும் படம் எடுத்து இணைத்திருக்கிறார்.

வணக்கம் அம்மா.

மூன்று பக்கத்தையும் இரண்டு தடவை படித்தேன். உங்களுக்கு ஆங்கிலம் வராது என்று அந்த வட்டங்கள் சொல்லவில்லை. ஒன்பதில் எட்டு வட்டம் ஒரே தப்பு. செருப்பில் ஆணி ஒன்றுதான்; எட்டு அடியிலும் அதுவே குத்தியிருக்கிறது. ஒன்பதாவது தப்பே இல்லை, அதற்குப் பிறகு வருகிறேன்.

முதல் பக்கத்தில் உங்கள் முதல் வாக்கியத்தையே எடுத்துக்கொள்வோம்.

‘தி கம்பெனி பைஸ் பேடி ஃப்ரம் மெம்பர்ஸ், மில்லிங் இட் இன் மன்னார்குடி அண்ட் டு செல் தி ரைஸ் இன் சென்னை.’

சொல்ல வந்தது விளங்குகிறது. ஒரு நிறுவனம் செய்கிற மூன்று வேலை: வாங்குவது, அரைப்பது, விற்பது. மூன்றும் ஒரே தரத்து வேலைகள். ஆனால் ‘பைஸ்’ ஒரு வடிவம், ‘மில்லிங்’ இன்னொன்று, ‘டு செல்’ மூன்றாவது. அப்படியே தமிழில் வைத்துப் பாருங்கள்: ‘நிறுவனம் உறுப்பினர்களிடம் நெல் வாங்குகிறது, மன்னார்குடியில் அரைத்தல், சென்னையில் விற்க.’ சிரிப்பு வருகிறதல்லவா? ஆங்கிலம் படித்துப் பழகிய கண்ணுக்கு உங்கள் வாக்கியம் ஏறக்குறைய அப்படித்தான் தெரிந்திருக்கும். ‘பைஸ்’, ‘மில்ஸ்’, ‘செல்ஸ்’ என்று மூன்றையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்தால் முடிந்தது. சேர்த்துச் சொல்கிறவற்றை ஒரே வடிவத்தில் சொல்வதைத்தான் பேரலல் ஸ்ட்ரக்சர் என்கிறார்கள். தமிழில் இணை அமைப்பு என்று வைத்துக்கொள்ளலாம். உங்கள் இணைகோடு ஞாபகமும் முழுத் தப்பில்லை. பெயர் அங்கிருந்து வந்ததுதான்.

எச்சத்தில் நினைத்து எழுதுகிறீர்கள்

இந்தத் தப்பு ஏன் வருகிறது என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்துவிடும். நம் ஊர் மாணவர்களிடம் முப்பது வருடத்துக்கு மேல் இதைப் பார்த்திருக்கிறேன். ‘தமிழ் மீடியம்’ என்பதல்ல காரணம். கான்வென்ட்டில் படித்தவர்களும் இதே இடத்தில்தான் இடறுகிறார்கள். காரணம் தமிழ் வாக்கியத்தின் நடை.

நாம் எப்படிப் பேசுகிறோம்? ‘நெல்லை வாங்கி, மன்னார்குடியில் அரைத்து, சென்னையில் விற்கிறோம்.’ வாங்கி, அரைத்து என்பவை வினையெச்சம். விற்கிறோம் என்பது மட்டும்தான் முற்று. காலமும் இடமும் (செய்தது நானா, நீயா, அவரா என்பது) கடைசி வினையில் இருக்கின்றன. முன்னால் வருபவை அதன்மேல் சாய்ந்துகொள்கின்றன. அதாவது தமிழில் வரிசையாகச் சொல்லும் வினைகள் ஒரே வடிவத்தில் வரவேண்டியதே இல்லை. இது நம் மொழியின் வசதி. பத்து வேலையைக்கூட எச்சமாகக் கோத்துக் கடைசியில் ஒரு முற்றில் முடிச்சுப் போடலாம். ஆங்கிலத்தில் எழுத உட்காரும்போது உங்கள் மனசுக்குள் ஓடுவது இந்தச் சங்கிலிதான். ஒரு வினைக்கு முழு வடிவம் கொடுத்தாகிவிட்டது, மற்றவை எப்படி இருந்தாலும் அதன்மேல் சாய்ந்துகொள்ளும் என்று கை நம்பிவிடுகிறது. ஆங்கிலத்தில் ‘அண்ட்’ போட்டுச் சேர்த்த வினைகள் ஒன்றன்மேல் ஒன்று சாயாது. ஒவ்வொன்றும் தன் காலில் நிற்கவேண்டும்.

ஆனால் தமிழில் இன்னொரு வழியும் இருக்கிறது. ‘நெல் வாங்குவதும் அரைப்பதும் விற்பதும் எங்கள் வேலை.’ இதில் ஒவ்வொரு சொல்லின் வாலிலும் ஓர் ‘உம்’. பள்ளியில் எண்ணும்மை என்று படித்திருப்பீர்கள். தொல்காப்பியம் சொல்லும் எட்டு வகை உம்மைகளில் அதுவும் ஒன்று. இதே வாக்கியத்தை ‘நெல் வாங்குவதும் அரைக்கவும் விற்பனையும் எங்கள் வேலை’ என்று உங்கள் அம்மாவிடம் சொல்லிப் பாருங்கள். நாற்றுப் பறித்துக்கொண்டிருந்தாலும் நிமிர்ந்து, “என்னடி உளர்ற?” என்பார். அவருக்கு யாரும் பேரலலிசம் சொல்லிக் கொடுக்கவில்லை. ‘உம்’ ஒவ்வொரு சொல்லிலும் வந்து உட்காருவதால், பொருந்தாத சொல் அங்கேயே காதில் இடிக்கிறது.

ஆங்கிலத்தில் அந்த ‘உம்’ ஒரே ஒரு ‘அண்ட்’டாகி, கடைசிச் சொல்லுக்கு முன்னால் மட்டும் வருகிறது. மற்ற இடமெல்லாம் வெறும் கமா. கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ சிப்பத்தை ஒவ்வொன்றாகத் தராசில் ஏற்றுவது தமிழ். லாரியோடு எடைமேடையில் ஏற்றி மொத்தமாகப் பார்ப்பது ஆங்கிலம். ஒரு மூட்டையில் குறை இருந்தால் எங்கே சுலபமாகத் தெரியும் என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை.

அதனால் நான் உங்களிடம் கேட்பது இதுதான். ஆங்கிலத்தில் எழுதும்போது எச்சத்தில் நினைக்காதீர்கள், உம்மில் நினையுங்கள். ‘வாங்கி, அரைத்து, விற்கிறோம்’ என்று மனசில் ஓடினால் நிறுத்திவிட்டு, ‘வாங்கவும் செய்கிறோம், அரைக்கவும் செய்கிறோம், விற்கவும் செய்கிறோம்’ என்று மாற்றிக்கொள்ளுங்கள். கொச்சையாக இருக்கும், பரவாயில்லை. அது காகிதத்தில் வரப்போவதில்லை. அதிலிருந்து ஆங்கிலத்துக்குப் போனால் கை தானாக ஒரே வடிவத்தில் எழுதும். ‘பையிங் பேடி ஃப்ரம் மெம்பர்ஸ், தி கம்பெனி மில்ஸ் இட் அண்ட் செல்ஸ் இட்’ என்று எச்சம் போலவே தொடங்கும் வாக்கியமும் ஆங்கிலத்தில் உண்டுதான். இப்போதைக்கு அதைத் தொடாதீர்கள்.

‘அண்ட்’டுக்கு வலப்பக்கம் முதலில் பாருங்கள்

எழுதி முடித்ததைச் சரிபார்க்கும் முறைக்கு வருகிறேன். பென்சில் எடுத்து, தாளில் ‘அண்ட்’, ‘ஆர்’, ‘பட்’ வரும் இடத்தை எல்லாம் சுழியுங்கள். சுழித்த சொல்லுக்கு வலப்பக்கம் உடனே வருவது என்ன வடிவம் என்று முதலில் பாருங்கள். பிறகு இடப்பக்கம் போய் அதன் ஜோடியைத் தேடுங்கள். வலப்பக்கத்திலிருந்து ஏன் தொடங்கச் சொல்கிறேன் என்றால், அங்கே வருவது ஒன்றுதான், குழப்பமில்லை. இடப்பக்கம் எதனோடு சேர்கிறது என்பதுதான் கேள்வியே.

உங்கள் இரண்டாவது வட்டம் இதற்கு நல்ல உதாரணம்: ‘ஸ்டாஃப் ஆர் ரெஸ்பான்ஸிபிள் ஃபார் வெயிங் தி பேக்ஸ், டு செக் மாய்ஸ்ச்சர் அண்ட் மெயின்டெனன்ஸ் ஆஃப் ரெஜிஸ்டர்ஸ்.’ ‘அண்ட்’டுக்கு வலப்பக்கம் ‘மெயின்டெனன்ஸ்’, ஒரு பெயர்ச்சொல். இடப்பக்கம் ‘வெயிங்’ ஒன்று, ‘டு செக்’ ஒன்று. மூன்றும் மூன்று தினுசு. எதை எதற்காக மாற்றுவது? மூன்றுக்கும் பொதுவாக நிற்கும் சொல்லைப் பாருங்கள். இங்கே அது ‘ஃபார்’. அதுதான் மதகு. மதகிலிருந்து ஒவ்வொரு வயலுக்கும் தண்ணீர் தனித்தனியாகப் பாய்கிறதா என்று நடந்து பார்க்கவேண்டும். ‘ரெஸ்பான்ஸிபிள் ஃபார் வெயிங்’ பாய்கிறது. ‘ரெஸ்பான்ஸிபிள் ஃபார் டு செக்’, அங்கே அடைத்துக்கொண்டது. ‘ரெஸ்பான்ஸிபிள் ஃபார் மெயின்டெனன்ஸ்’ பாயும், ஆனால் பக்கத்து வயலோடு மட்டம் ஒத்துவரவில்லை. அதனால் மூன்றையும் ‘வெயிங்’, ‘செக்கிங்’, ‘மெயின்டெயினிங்’ என்று ஆக்கிவிட்டால் வாக்கியம் நிமிர்ந்துவிடும்.

‘டு’ என்ற சொல்லிலும் இதே கணக்குதான். ‘டு பை, மில் அண்ட் செல்’ என்று தலையில் ஒருமுறை போடலாம். ‘டு பை, டு மில் அண்ட் டு செல்’ என்று மூன்றுக்கும் போடலாம். ‘டு பை, மில் அண்ட் டு செல்’ என்று நடுவில் மட்டும் விடக்கூடாது.

இரண்டாம் பக்கத்தில் திட்டத்தின் நோக்கங்கள் என்று ஐந்து புள்ளி போட்டு எழுதியிருக்கிறீர்கள். வட்டங்களில் மூன்று அங்கேதான். முதல் புள்ளி ‘டு இன்க்ரீஸ்’ என்று தொடங்குகிறது, இரண்டாவது ‘ரெடியூசிங்’, மூன்றாவது ‘டிரெய்னிங் வில் பி கிவன்’ என்று ஒரு முழு வாக்கியம், நான்காவது ‘பெட்டர் பிரைஸ்’ என்று வெறும் பெயர், ஐந்தாவது மறுபடி ‘டு’. புள்ளி போட்ட பட்டியல் என்றால் இணை அமைப்புப் பிசகுவது பத்தடி தூரத்திலிருந்தே தெரியும், ஏனென்றால் முதல் சொற்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கின்றன. கடன் கொடுக்கிறவர் முதலில் பார்ப்பதும் அந்தப் பக்கத்தைத்தான். ஐந்தையும் ‘டு’வில் தொடங்குங்கள்: ‘டு இன்க்ரீஸ்’, ‘டு ரெட்யூஸ்’, ‘டு டிரெய்ன்’, ‘டு கெட்’, கடைசியில் ஏற்கெனவே இருப்பது. பத்து நிமிட வேலை.

ஜோடியாக வரும் சொற்களில் ஓர் இடம் விட்டிருக்கிறீர்கள். ‘தி கம்பெனி நாட் ஒன்லி செல்ஸ் ரைஸ் பட் ஆல்சோ சீட்ஸ்.’ ‘நாட் ஒன்லி’க்குப் பின் வினை, ‘பட் ஆல்சோ’வுக்குப் பின் பெயர். தமிழில் ‘அரிசி மட்டுமல்ல, விதையும் விற்கிறோம்’ என்கிறோம்; ‘மட்டுமல்ல’ அரிசியை ஒட்டியே நிற்கிறது. ஆங்கிலத்திலும் அதைப் பொருளுக்குப் பக்கத்தில் தள்ளிவிடுங்கள்: ‘செல்ஸ் நாட் ஒன்லி ரைஸ் பட் ஆல்சோ சீட்ஸ்.’ ‘போத்’–‘அண்ட்’, ‘ஐதர்’–‘ஆர்’, ‘நைதர்’–‘நார்’ எல்லாம் இதே பாடுதான்.

ஒப்பிடும்போது சறுக்குவது கொஞ்சம் நுட்பம். ‘தி மாய்ஸ்ச்சர் ஆஃப் அவர் பேடி இஸ் லோயர் தேன் அதர் சென்டர்ஸ்’ என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் நெல்லின் ஈரப்பதத்தை மற்ற நிலையங்களின் கட்டடத்தோடு ஒப்பிட்டதாக ஆகிவிட்டது! 17 சதவீத ஈரப்பதத்துக்காகக் களத்தில் ராத்திரி முழுக்க நெல்லைக் காவல் காத்துக் காயவைக்கிற ஊரில், இந்த வாக்கியம் சரியாக இருந்தே ஆகவேண்டும். ‘லோயர் தேன் தட் ஆஃப் பேடி ஃப்ரம் அதர் சென்டர்ஸ்’ என்று எழுதினால் ஈரப்பதத்துக்கு ஈரப்பதம் நிற்கும். ‘அகல உழுவதைவிட ஆழ உழுவது மேல்’ என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வதில் இரண்டு பக்கமும் உழுவதுதான் இருக்கிறது. ‘அகல உழுவதைவிட ஆழமான கலப்பை மேல்’ என்று யாரும் சொல்வதில்லை.

நீங்கள் தப்பாக நினைத்துக்கொண்ட இரண்டு விஷயம்

‘இரண்டாவது தடவை ஒரு பத்தியில் எல்லா வினைக்கும் இங் போட்டுவிட்டேன், அப்படியும் வட்டம் போட்டுவிட்டார்கள்’ என்று எழுதியிருக்கிறீர்கள். இணை அமைப்பு என்றால் எல்லாம் ‘இங்’ என்பதல்ல. ‘பைஸ்’, ‘மில்ஸ்’, ‘செல்ஸ்’ இணைதான். ‘டு பை’, ‘டு மில்’, ‘டு செல்’ இணைதான். எல்லா வினைக்கும் ‘இங்’ போட்டால் வாக்கியத்தில் முற்றே இல்லாமல் போய்விடும். உங்கள் மூன்றாவது பத்தி அப்படித்தான் அந்தரத்தில் தொங்குகிறது.

இன்னொன்று, சொற்களின் எண்ணிக்கை ஒத்திருக்கவேண்டும் என்று நினைத்து, ‘செல்ஸ்’ஸுக்குப் பின்னால் இருந்த நல்ல விவரத்தை வெட்டியிருக்கிறீர்கள். அப்படி எதுவும் இல்லை. ‘பைஸ் பேடி’ இரண்டு சொல்லாகவும், ‘செல்ஸ் தி ரைஸ் டு ஆர்கானிக் ஷாப்ஸ் இன் சென்னை அண்ட் பெங்களூரு’ அத்தனை நீளமாகவும் இருக்கலாம். தலை ஒத்துப்போனால் போதும், வால் எவ்வளவு நீண்டாலும் சரி. நீண்டதைக் கடைசியில் வைப்பது நல்லது, அவ்வளவுதான்.

இப்போது அந்த ஒன்பதாவது வட்டம். ‘தி ஸ்டோர்ரூம் இஸ் ட்ரை அண்ட் இன் குட் கண்டிஷன்.’ ‘ட்ரை’ ஓர் அடைமொழி, ‘இன் குட் கண்டிஷன்’ வேறு வகைச் சொற்றொடர். வடிவம் ஒத்துப்போகவில்லை என்று சிவப்பு மைக்காரர் சுழித்துவிட்டார். இது தப்பில்லை. இரண்டும் அறை எப்படி இருக்கிறது என்கிற ஒரே வேலையைத்தான் செய்கின்றன. ‘இஸ்’ என்ற மதகிலிருந்து இரண்டுக்கும் தண்ணீர் பாய்கிறது. நல்ல ஆங்கிலத்தில் இப்படி எழுதுவது சர்வசாதாரணம். வடிவம் ஒத்திருப்பது வழக்கம். வேலை ஒத்திருப்பது கட்டாயம். அந்த வாக்கியத்தை மாற்றாதீர்கள். திருத்துகிறவர் கையிலிருக்கும் பேனா சிவப்பு என்பதற்காக அவர் சொல்வதெல்லாம் சரியாகிவிடாது.

ஒரு சொல்லின் வால், 50 லட்சம் டாலர்

இதெல்லாம் அழகுக்காகச் செய்கிற வேலை, பொருள் புரிந்தால் போதாதா என்று உங்கள் கணவர் கேட்பதாக எழுதியிருக்கிறீர்கள். கடிதத்தில் பெரும்பாலும் போதும். ஒப்பந்தத்தில் போதாது. அமெரிக்காவில் மெய்ன் மாநிலத்தில் நடந்த வழக்கு ஒன்று இருக்கிறது. உங்கள் தொழிலுக்குக் கிட்டத்தட்ட பக்கத்து வீடு என்பதால் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன்.

கூடுதல் நேரம் வேலை பார்த்தால் கூடுதல் கூலி தரவேண்டும் என்பது அங்கே சட்டம். விளைபொருள், இறைச்சி, கெட்டுப்போகும் உணவு ஆகியவற்றில் செய்யும் சில வேலைகளுக்கு மட்டும் விலக்கு. அந்த வேலைகளின் பட்டியல் ‘கேனிங், ப்ராசஸிங், ப்ரிசர்விங், ஃப்ரீஸிங், டிரையிங், மார்க்கெட்டிங், ஸ்டோரிங், பேக்கிங் ஃபார் ஷிப்மென்ட் ஆர் டிஸ்ட்ரிபியூஷன்’ என்று இருந்தது. ஓக்ஹர்ஸ்ட் டெய்ரி என்ற பால் நிறுவனத்தின் வண்டி ஓட்டுநர்கள் கூடுதல் கூலி கேட்டு வழக்குப் போட்டார்கள். நீங்கள் செய்வது டிஸ்ட்ரிபியூஷன், அதற்கு விலக்கு உண்டு என்றது நிறுவனம். ஓட்டுநர்கள் தரப்பு இரண்டைக் காட்டியது. ஒன்று, ‘ஷிப்மென்ட்’டுக்குப் பின் கமா இல்லை. மற்றது நம் விஷயம்: பட்டியலில் விலக்குப் பெற்ற வேலை ஒவ்வொன்றும் ‘இங்’கில் முடிகிறது, ‘டிஸ்ட்ரிபியூஷன்’ முடியவில்லை. அது ‘ஷிப்மென்ட்’டுக்குத்தான் ஜோடி. எனவே அனுப்புவதற்கோ விநியோகத்துக்கோ ‘பேக்கிங்’ செய்வதுதான் விலக்கு. வண்டி ஓட்டி விநியோகிப்பது அல்ல.

கீழ்க்கோர்ட்டில் நிறுவனம் ஜெயித்தது. 2017 மார்ச்சில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைப் புரட்டிப் போட்டது. வாசகம் இரண்டு பொருளுக்கும் இடம் கொடுக்கிறது, அப்படி இருந்தால் தொழிலாளிக்குச் சாதகமாகவே படிக்கவேண்டும் என்றது. 2018இல் நிறுவனம் 50 லட்சம் டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. பத்திரிகைகள் எல்லாம் இதைக் கமா வழக்கு என்றே எழுதின. எனக்கு இது பாதிக்குப் பாதி ‘இங்’ வழக்கு. அப்புறம் அந்த மாநிலம் சட்டத்தைத் திருத்தியபோது ‘டிஸ்ட்ரிபியூஷன்’ இருந்த இடத்தில் ‘டிஸ்ட்ரிபியூட்டிங்’ என்று எழுதிக்கொண்டது.

உங்கள் மூன்று கேள்விகளுக்கு

வகுப்பு வேண்டாம். ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு பேச்சுக் கூச்சத்தைப் போக்கும். அது உங்கள் நோய் இல்லை. வாரத்தில் நாலு நாள் தஞ்சாவூருக்குப் பஸ் ஏறி இறங்கும் நேரத்தில், உங்கள் அலுவலகத்தின் பழைய கடிதக் கோப்பை எடுத்து, ராத்திரிக்கு ஒரு கடிதம் வீதம் ‘அண்ட்’, ‘ஆர்’, ‘தேன்’ சுழித்து இருபது நிமிடம் பாருங்கள். ஒரு மாதம் போதும். தப்பைக் கண்டுபிடிக்கும் கண் முதலில் வரும். தப்பில்லாமல் எழுதும் கை கொஞ்சம் தாமதமாகத்தான் வரும், அதற்காகச் சோர்ந்துவிடாதீர்கள்.

ஏ.ஐ.யிடம் காட்டலாம், ஒப்படைக்கக்கூடாது. உங்கள் பட்டியலை அது நொடியில் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடும். ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது. நீங்கள் எந்தச் சொல்லை எதனோடு சேர்க்க நினைத்தீர்கள் என்பது அதற்குத் தெரியாது, ஊகித்துச் சேர்த்துவிடும். வாக்கியம் வழவழவென்று வந்துவிடுவதால் ஊகம் செய்திருக்கிறது என்பதே உங்கள் கண்ணில் படாது. நீங்கள் சுழித்துத் திருத்திய பிறகு, கடைசியாக ஒரு பார்வைக்குக் கொடுங்கள். எது மாறியிருக்கிறதோ அதை ஒவ்வொன்றாகக் கேள்வி கேளுங்கள். உறுப்பினர்களின் பெயர், வங்கிக் கணக்கு, நில விவரம் இருக்கும் பக்கங்களை எக்காரணம் கொண்டும் அதில் ஏற்றாதீர்கள். அவை உங்களை நம்பிக் கொடுத்தவை.

வேலையை எழுதிக் கொடுப்பதைப் பற்றி: இந்த மாதம் வேண்டாம். எட்டு வட்டத்துக்காக நான்கு வருட அனுபவத்தைத் தூக்கிப் போடுவது கணக்குத் தெரிந்தவர் செய்கிற காரியமா? அதற்குப் பதில் தலைமைக்கு ஒரு கடிதம் எழுதுங்கள், தமிழிலேயே எழுதுங்கள். ஆங்கிலக் கடிதப் பொறுப்பு உங்களுக்கு வாய்மொழியாகத்தான் வந்திருக்கிறது; அதை எழுத்தில் கேளுங்கள். வெளியே போகும் ஒவ்வொரு அறிக்கையையும் இன்னொருவர் படித்துக் கையெழுத்திட்ட பிறகே அனுப்புவது என்று ஒரு முறை வைக்கச் சொல்லுங்கள். விற்பனை ஒப்பந்தங்களை மட்டும் ஒரு வழக்கறிஞர் பார்க்கவேண்டும் என்று சேர்த்துக்கொள்ளுங்கள். ஒப்பந்தம் ஆங்கிலத்தில்தான் இருக்கவேண்டும் என்று இந்திய ஒப்பந்தச் சட்டம் எங்கும் சொல்லவில்லை என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும். உறுப்பினர்களோடு போடும் ஒப்பந்தத்தைத் தமிழில் போடலாம். இரண்டு மொழியிலும் போட்டால், முரண்பாடு வந்தால் எந்த மொழி வாசகம் செல்லும் என்று அதிலேயே ஒரு வரி எழுதிவிடவேண்டும்.

அந்த இயக்குநருக்கு நீங்கள் பதில் சொல்லவேண்டியதில்லை. என்றாலும் மனசுக்குள் வைத்துக்கொள்ள ஒன்று தருகிறேன். கும்பகோணம் அரசுக் கல்லூரியில் ஆங்கிலத்தில் தேறாமல் உதவித்தொகையை இழந்தவர் ராமானுஜன். அதே ராமானுஜன் சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்தபோது, 1913 ஜனவரி 16 அன்று கேம்பிரிட்ஜில் இருந்த கணிதவியலாளர் ஹார்டிக்கு எழுதிய கடிதத்தில் இப்படி ஒரு வாக்கியம் வருகிறது: ‘ஐ ஹேவ் ஹேட் நோ யூனிவர்சிட்டி எஜுகேஷன் பட் ஐ ஹேவ் அண்டர்கான் தி ஆர்டினரி ஸ்கூல் கோர்ஸ்.’ ‘பட்’டைச் சுழித்து இரண்டு பக்கமும் பாருங்கள். ‘ஐ ஹேவ்’ அங்கேயும் இருக்கிறது, இங்கேயும் இருக்கிறது. அருகில் இருந்தவர்கள் பார்த்துத் திருத்தியும் கொடுத்திருக்கலாம். அப்படியென்றால் இன்னும் நல்லது. உங்களுக்கும் பார்த்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டும் என்றுதான் மேலே எழுதியிருக்கிறேன்.

இணைத்திருந்த பக்கங்களில் ஏழு இடங்களை மாற்றி ஓரத்தில் பென்சிலில் குறித்து அனுப்பியிருக்கிறேன். மூன்றாம் பக்கத்தில் எட்டாவது வட்டத்தை மட்டும் நான் தொடவில்லை. ‘பேமென்ட் வில் பி மேட் ஆஃப்டர் வெயிங், டெஸ்டிங் அண்ட் சேல் வித்தின் டென் டேஸ்’ என்று இருக்கிறது. ‘வெயிங்’, ‘டெஸ்டிங்’ பக்கத்தில் ‘சேல்’ என்பதை ‘செல்லிங்’ ஆக்கிவிட ஒரு நொடி ஆகாது. ஆனால் அப்படி ஆக்கினால் அரிசி விற்ற பிறகுதான் விவசாயிக்குப் பணம் என்று உறுதியாகிவிடும். விற்பனைக்குக் காத்திராமல் எடை போட்டதிலிருந்து பத்து நாளா? விற்றதிலிருந்து பத்து நாளா? இல்லை, பத்து நாளுக்குள் விற்றுவிடவேண்டும் என்பதா? உங்கள் வாக்கியத்தில் மூன்றுக்கும் இடம் இருக்கிறது. இது இலக்கணத்தில் தீருகிற விஷயமில்லை. உங்கள் நிறுவனம் உறுப்பினர்களிடம் என்ன வாக்குக் கொடுத்திருக்கிறது என்று தீர்மானப் புத்தகத்தைப் பாருங்கள். அதில் இல்லாவிட்டால் அடுத்த கூட்டத்தில் எழுந்து கேளுங்கள், அந்த இயக்குநரும் இருக்கும்போதே கேளுங்கள். பதில் கிடைத்தபின் அந்த வாக்கியத்தை நீங்களே எழுதி எனக்கு அனுப்புங்கள், பார்க்கிறேன்.